தம்பிக்குக் கொடுத்த கடன்

மனைவி கமலா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பரசுராமன் அந்தக் கடனைக் கொடுத்திருக்கவே மாட்டார். திருத்தணியில் கூட்டுறவு வங்கி ஒன்றின் மேலாளர் அவர். பள்ளிப்பட்டில் இருந்த அவள் தம்பி துளசிங்கம் விசைத்தறி போட ஆசைப்பட்டான். ஜாமீனுக்கு அவன் கொண்டுவந்த நிலப் பத்திரத்தில் ஏற்கெனவே வில்லங்கம் இருந்தது.

"ஊருக்கெல்லாம் நீட்டற கை, என் தம்பின்னா மட்டும் மடங்குதா?" என்று கமலா கேட்டாள். அன்று அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுவாரம், நிர்வாகக் குழுவின் தீர்மானத்துக்குக்கூடக் காத்திராமல் கையெழுத்துப் போட்டார்.

தறிகள் ஓடின; தவணைதான் வரவில்லை. எழுபத்தாறாம் வருஷத் தணிக்கையில் அது சிக்கியது. பரசுராமனைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கி, விசாரணை வைத்தார்கள். துளசிங்கம் அங்கே அக்கா புருஷனைக் காட்டிக் கூசாமல் சொன்னான்: "பாவா கையெழுத்து கேட்டாரு, போட்டேங்க. பணத்த நான் கண்ணால பாக்கல."

கேள்விப்பட்டதும் கமலா பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினாள். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காமல் அவனை வெளியே இழுத்துவந்தாள்.

"ஏன்டா, இந்தத் தறியெல்லாம் வானத்துலருந்து வுழுந்துதா?"

"பாவாவுக்கு எப்படியும் வேலை போவப் போவுதுக்கா. நானும் கூட முழுகணுமா? தறி ஓடிகினு இருந்தாத்தான் நாளைக்கு உங்களுக்கு நான் சோறு போட முடியும்."

அவன் மனைவி அம்சா காபி கொண்டுவந்து நீட்டினாள். கமலா பழக்கத்தில் வாங்கிப் பாதி குடித்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. மீதியை மண்ணில் கொட்டிவிட்டு நடந்தாள்.

மறுநாள் விசாரணை அதிகாரியின் முன் போய் நின்றாள். "பணம் என் தம்பிகிட்டதாங்க போச்சு. குடுக்கச் சொன்னதே நான்தான். எழுதிக்குங்க."

அவர் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார். "இத வெச்சி உங்க தம்பிகிட்ட வசூல் பண்ணப் பாக்கலாம். ஆனா ஜாமீன் சரியா பாக்காம, தீர்மானம் இல்லாம கடன் குடுத்தது மேலாளரும்மா. வங்கிக்கு வந்த நஷ்டத்துக்கு அவருதான் பதில் சொல்லணும்."

வெளியே பெஞ்சில் இருந்த பரசுராமன் அதைக் கேட்டுத் தலையாட்டினார். "சரியாத்தான் சொல்றாரு. அது என்ன என் காசா? நெசவுக்காரனும் கரும்புக்காரனும் போட்டு வெச்சது."

ஜப்தி செய்ய ஆட்கள் போனபோது துளசிங்கத்தின் கொட்டகையில் வெறும் தரைதான் இருந்தது. தறிகள் ஆந்திர எல்லை தாண்டி நகரிக்கு விலைபோயிருந்தன. முழு நஷ்டத்தையும் பரசுராமனே கட்ட வேண்டுமென்று தண்டத் தீர்வை உத்தரவு வந்தது. வேலை போயிற்று. வீடு ஏலத்தில் போயிற்று. அரக்கோணத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, ஜமீல் அகமதுவின் இரும்புக் கடையில் கணக்கெழுதப் போனார்.

ஆடிக் கிருத்திகைக்கு மொட்டைத் தலையும் சந்தனமுமாகத் திருத்தணி மலை இறங்கிய துளசிங்கம், கையில் பிரசாதத்தோடு அந்த அறை வாசலில் வந்து நின்றான்.

"உள்ள வரச் சொல்லு," என்றார் பரசுராமன்.

கமலா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி வெடித்தாள். "ஒரு தடவையாவது என்னத் திட்டித் தொலைங்களேன்! உன்னாலதான் கெட்டேன்னு சொல்லுங்களேன்!"

"கையெழுத்து என்னுதுதானே," என்று சொல்லிவிட்டு, கடைக்கு நேரமாகிறதென்று அவர் சட்டையைத் தேடினார்.