ராஜகுமாரி சொல்லாமல் போனது

வேட்டியின் தலைப்பை மூன்றாவது தடவையாக இடுப்பில் செருகிக்கொண்டிருந்தபோது, ஹாலில் மகாதேவனின் குரல் உயர்வது கணேசலிங்கத்துக்குக் கேட்டது.

“பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லை, பிள்ளை. ஒஸ்ரேலியாவுக்கு வந்தாப்போல எல்லாம் மாறிடுமே?”

மகள் விமலாவின் பதில் ஆங்கிலத்தில் வந்தது. “ஷீ இஸ் மை மதர், அங்கிள்.”

கணேசலிங்கம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். வேட்டி மறுபடியும் நழுவியது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் வேட்டி கட்டியது இரண்டோ மூன்றோ தடவைதான். அப்போதெல்லாம் மனைவி ராஜகுமாரி பக்கத்தில் நின்று, “வயித்தை உள்ளுக்கு இழுங்கோ” என்று சொல்லி, சிரித்துக்கொண்டே மடிப்பைச் சரிசெய்து விடுவாள்.

ராஜகுமாரி செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தாள். நாற்பத்தொரு வயது. அவள் தலைமைத் தாதியாக இருந்த அதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில். இன்று வெள்ளிக்கிழமை. பதினொன்றரை மணிக்கு ரூக்வூட் தகனசாலையில் அரை மணி நேரம் கிடைத்திருந்தது. எழுபத்தாறாம் ஆண்டு ஜூலை மாதம், அங்கே குளிர்காலம். சிட்னியில் செத்தவீடு நடத்திக்கொடுக்க ஓர் ஐயர் கிடையாது. தெரிந்தவர்கள் தெரிந்ததைச் செய்தார்கள்.

எல்லாவற்றையும் செய்தவர் அவர்களுடைய ஊர்க்காரரான மகாதேவன்தான். ஐந்து வருடங்களுக்கு முன் கணேசலிங்கமும் ராஜகுமாரியும் பன்னிரண்டு வயது விமலாவோடு வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் ஒரு கம்பளிக் கோட்டோடு காத்துநின்றவர் அவர். மெரிலேண்ட்ஸில் அவருடைய வீட்டின் பின்னறையில் நான்கு மாதம் இருந்தார்கள். இந்த மூன்று நாளும் பத்திரங்களில் கையெழுத்து வாங்கியது, பிரேதத்தை வைத்திருந்த மலர்ச்சாலைக்காரரோடு பேசியது, கொழும்புக்குத் தந்தி அடித்தது எல்லாம் அவர். அவருடைய மனைவி நாகலட்சுமி இந்த வீட்டுச் சமையலறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். கணேசலிங்கம் எதையும் முடிவு செய்யவில்லை. தேத்தண்ணியா கோப்பியா என்று யாராவது கேட்டால்கூட, ராஜகுமாரியின் பதில் அங்கிருந்து வரும் என்பதுபோலக் குசினி வாசலைப் பார்த்தார்.

அவர் ஹாலுக்கு வந்தார். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு விமலா கதவோரம் நின்றாள். கண்ணாடி யன்னலுக்கு வெளியே, வேலியருகே, வார்டில் வேலை செய்யும் நான்கு பெண்கள் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நேற்று மலர்ச்சாலையில், நாகலட்சுமி சொல்லச் சொல்ல, ராஜகுமாரியைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்தியவர்கள் அவர்கள்தான். தாங்களும் வரலாமா என்று அவர்களில் மோரீன் என்பவள் கேட்டிருந்தாள். யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

எல்லோரும் கணேசலிங்கத்தைப் பார்த்தார்கள்.

‘அவள் வருவாள் அண்ணை’ என்று சொல்ல வாயைத் திறந்தார். மகாதேவனின் முகத்தைப் பார்த்தார். மூன்று நாள் உறங்காத கண்கள். செய்யவேண்டிய வேலைகளை எழுதிவைத்திருந்த தாள் அவர் கையில் இருந்தது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். கணேசலிங்கம் வாயை மூடிக்கொண்டார்.

“அண்ணை, ஒருக்கா பின் வளவுக்கு வாங்கோ.”

இப்படித் தனியே கூப்பிடுவதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் ராஜகுமாரி.

மூன்று வருடங்களுக்கு முன், கிரான்வில்லில் அவர் வேலை செய்த பம்ப் தொழிற்சாலையில் அவரைப் போர்மன் ஆக்கினார்கள். அவருக்குக் கீழே இருபத்திரண்டு பேர். கிரேக்கர், மால்டாக்காரர், லெபனான்காரர், இந்த ஊர்க்காரர். முதல் வாரத்திலேயே கெவின் என்ற மூத்த ஃபிட்டரைப் பட்டறை நடுவில் நிறுத்தி, “பதினொரு நிமிஷம் லேட்” என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். அன்றிலிருந்து யாரும் அவரோடு பேசவில்லை. கேட்டதைச் செய்தார்கள், கேட்டதை மட்டுமே செய்தார்கள். இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, பழைய வேலைக்கே திரும்பிப் போகப்போவதாக வீட்டில் வந்து சொன்னார்.

ராஜகுமாரி வெட்டிக்கொண்டிருந்த போஞ்சிக்காயை வைத்துவிட்டு, அவருடைய தொப்பியை எடுத்துத் தலையில் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டாள். ஒரு போஞ்சிக்காயைச் சிகரெட்போல உதட்டில் செருகினாள்.

“நான்தான் கெவின். சொல்லுங்கோ.”

“என்ன விசர் விளையாட்டு இது?”

“சொல்லுங்கோ எண்டுறன்.”

“நீர் பதினொரு நிமிஷம் லேட்.”

“யூ காட் எ ப்ராப்ளம், மேட்?” என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. போஞ்சிக்காயை உதட்டிலிருந்து எடுத்தாள்.

“இப்பிடித்தான் நான் சொல்லுவன். எல்லாருக்கும் முன்னால கேட்டால் எல்லாருக்கும் முன்னாலதான் மறுமொழி சொல்லுவன். அதில கதைக்கிறது நானில்லை, என்ர வெக்கம். தனியக் கூப்பிடுங்கோ. கூப்பிட்டு முதல், அவனுக்கு மட்டும் தெரிஞ்ச வேலை ஒண்டைப் பற்றிக் கேளுங்கோ. பிறகு உங்கட கதையைக் கதைக்கலாம்.”

“உமக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் தரேல்லை. கண்டி ஆஸ்பத்திரியில ஒரு அற்றெண்டன் பொம்பிளையை நோயாளியளுக்கு முன்னால ஏசிப்போட்டன். அண்டைக்குப் போனவள் திரும்பி வேலைக்கு வரேல்லை. மூண்டு பிள்ளையள் அவளுக்கு.” அவள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். “அவளிட்டதான் படிச்சனான்.”

அடுத்த நாள் அவர் கெவினைத் தனியே கூப்பிட்டார். அவனுடைய மனைவி இரவு வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகளை விட்டுவிட்டு அவனால் புறப்பட முடியாது என்று தெரிந்தது. அவனுடைய நேரத்தைக் கால் மணி தள்ளிப்போட்டார். அவ்வளவுதான் விஷயம். அதன்பின் பல மாதங்கள் ஒவ்வொரு மாலையும் சமையலறைக் கதிரையில் அவர் உட்கார்ந்து அன்றைய சிக்கலைச் சொல்வதும், ராஜகுமாரி கெவினாகவோ மால்டாக்காரனாகவோ மாறுவதும் நடந்தது. மேல் வகுப்புப் பாடங்களோடு அதே மேசையில் இருந்த விமலா, “யூ டூ ஆர் க்ரேஸி” என்பாள்.

பின் வளவில் புல் இன்னும் ஈரமாக இருந்தது. மகாதேவன் கோட்டின் கொலரை உயர்த்திவிட்டுக்கொண்டு நின்றார்.

“பிள்ளைக்கு எடுத்துச் சொல்லும் தம்பி. நான் அவளுக்குக் கூடாததைச் சொல்லேல்லை.”

“அண்ணை, தகனசாலையில தேவாரத்தை டேப்பில போடுவம் எண்டு சொன்னியள். வேண்டாம். நீங்கள் பாடுங்கோ.”

மகாதேவன் அதை எதிர்பார்க்கவில்லை. “நானோ?”

“உங்கட குரல் எனக்குத் தெரியும். வந்த புதிசில விடியக்காலமை நீங்கள் சாமி படத்துக்கு முன்னால பாடுறதைக் கேட்டுத்தான் நாங்கள் எழும்புறனாங்கள். ராஜகுமாரியும் அடிக்கடி சொல்லுறவ. பிறகு ஏன் விட்டனீங்கள்?”

மகாதேவன் வேலிப் பக்கம் திரும்பினார். பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா செத்தாப் பிறகு பாடேல்லை” என்றார். “தந்தி எனக்கு வரேக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சுது. எரிச்சு, சாம்பலும் கரைச்சாச்சு. அண்டைக்குப் பாடுவம் எண்டு இருந்து பாத்தன். குரல் வரேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை, நாகுவுக்கும் சொல்லேல்லை.”

ராஜகுமாரி இருந்திருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்று கணேசலிங்கத்துக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் நின்றார். மகாதேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்ளும்வரை நின்றார்.

“விமலா வருவாள் அண்ணை” என்றார் பிறகு. “அந்த நேர்ஸ்மாரும் வருவினம். அது நான் எடுத்த முடிவு. கோபமெண்டால் என்னோட கோபியுங்கோ. பிள்ளையோட வேண்டாம்.”

“ஊரில தெரிஞ்சால் என்ன சொல்லுவினம்?”

“என்னைச் சொல்லட்டும்.”

மகாதேவன் கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “பாட்டுகள் எழுதிவைச்ச கொப்பி வீட்டில கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் நுழையாமல் பக்கவாட்டுப் பாதையால் நடந்தார்.

காரில் விமலா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முன்னால் ராஜகுமாரியின் பெட்டியோடு கறுப்பு வண்டி மெதுவாகப் போனது. கணேசலிங்கத்தின் மனதில் மூன்று நாளாக ஒரே விஷயம்தான் இருந்தது. அதை யாருக்கும் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

கடைசி இரண்டு வாரமும் ராஜகுமாரி தன் கட்டிலில் படுத்தபடியே மோரீனுக்கு வார்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். எந்த டொக்டரிடம் எப்படிப் பேசவேண்டும், புதிதாக வரும் பெண்களை எந்த நோயாளியிடம் முதலில் அனுப்பக் கூடாது என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். மோரீன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். கணேசலிங்கம் தோடம்பழத்தை உரித்துக்கொண்டு, தன்னுடைய முறை வரும் என்று காத்திருந்தார். விமலாவை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டை எப்படி நடத்த வேண்டும், அவள் இல்லாமல் எப்படி இருக்க வேண்டும் என்று ஏதாவது சொல்வாள். அவள் சொல்லவில்லை. திங்கட்கிழமை மாலை, “பழம் புளிக்குது, நீங்களே சாப்பிடுங்கோ” என்றாள். அதுதான் அவருக்கென்று அவள் கடைசியாகச் சொன்னது.

தகனசாலையின் மண்டபத்தில் மகாதேவன் பாடினார். இரண்டாவது அடியிலேயே குரல் உடைந்தது. நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை நிற்காமல் முழுவதையும் பாடி முடித்தார். கணேசலிங்கமும் விமலாவும் சேர்ந்து வாய்க்கரிசி போட்டார்கள். கடைசி வரிசை வாங்கருகே ஒடுங்கி நின்ற நான்கு பெண்களும், எப்போது என்ன செய்வதென்று தெரியாமல், கையில் பூக்களோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகாதேவன்தான் திரும்பி, கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவர்களை முன்னுக்கு வரச்சொல்லிக் காட்டினார்.

பிறகு பெட்டிக்கு முன்னால் திரை மூடியது.

வெளியே கார்கள் நின்ற இடத்தில் மோரீன் அவரிடம் வந்தாள். முப்பது வயதிருக்கும். மூக்கு சிவந்திருந்தது.

“மிஸ்டர் கணேஷ், ஒன்று சொல்லலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “ஒரு நாள் நான் அவளிடம் கேட்டேன். உங்கள் கணவருக்கு ஏதாவது எழுதி வைக்க வேண்டுமானால் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்று. வேண்டாம் என்றாள்.”

கணேசலிங்கம் அவளைப் பார்த்தார்.

“‘முந்தியெல்லாம் வேலையில் ஒரு பிரச்சினை என்றால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்பார். இரண்டு வருஷமாகக் கேட்பதில்லை. செய்துவிட்டு வந்து சொல்கிறார். நான் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்’ என்று சொன்னாள். சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தாள். சிரித்து இருமல் வந்து, நான் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.” மோரீன் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத்தான் நாற்பது பக்கம் சொன்னாள். நான் இன்னும் தேறவில்லை போலிருக்கிறது.”

அவளும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கணேசலிங்கம் அவள் தோளில் கையை வைத்தார். இரண்டு வருஷமா? எந்த நாளோடு தான் கேட்பதை நிறுத்தினோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

“திங்கட்கிழமையிலிருந்து அந்த வார்டுக்குத் தலைமை சிஸ்டர் நீதானே?” என்று கேட்டார்.

“ஆமாம்.”

“ஏதாவது கஷ்டமாக இருந்தால் வீட்டுக்கு வா. அந்தச் சமையலறை மேசை அங்கேதான் இருக்கிறது.”

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு மணி. சுடலைக்குப் போய் வந்தவர்கள் கால் கழுவாமல் உள்ளே போகக்கூடாது. பின் வளவுக் குழாயடியில் ஆண்கள் ஒவ்வொருவராகச் சப்பாத்தைக் கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு, உஸ் உஸ்ஸென்று உள்ளே போனார்கள். கணேசலிங்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுவினார். விமலா கோட்டைக் கையில் பிடித்தபடி, தனக்கும் இது உண்டா இல்லையா என்று தெரியாமல், புல்லின் ஓரத்தில் ஒதுங்கி நின்றாள்.

மகாதேவன் குசினி யன்னலைத் தட்டினார். “நாகு, கேத்திலில சுடுதண்ணி இருந்தால் இஞ்சால தாரும்.”

நாகலட்சுமி கேத்திலை யன்னல் வழியே நீட்டினாள். மகாதேவன் குழாயடியில் இருந்த வாளியில் அதை ஊற்றி, குழாயைத் திறந்து கொஞ்சம் பச்சைத்தண்ணீர் கலந்தார். இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கலந்து, மறுபடியும் விரலை விட்டுப் பார்த்தார்.

“வா பிள்ளை” என்றார். “சப்பாத்தைக் கழட்டு.”

அவள் வந்து சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்றாள். அவர் முழங்கால் நோவோடு மெல்லக் குனிந்து, சின்னப் பேணியால் தண்ணீரை அள்ளி, அவளுடைய இரண்டு கால்களிலும் ஊற்றினார். குளிரில் மெல்லிய ஆவி எழுந்தது.