பரிந்துரைக்கு வேறு முகவரி

பம்பு உதிரிபாகக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரம். கவுண்டர் நாற்காலியில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தது கடையின் விற்பனையாளர் அல்ல, அவர் மனைவி. பதினெட்டு வருஷமாக அந்த நாற்காலி அவருடையது. பக்கவாதம் வந்து வலது கையை முடக்கிப் போட்டதிலிருந்து இடது கையின் ஒற்றை விரலால் கணினியில் தட்டித் தட்டித்தான் வேலை. ஒரு வாஷரைத் தேடிக் கொடுக்கப் பத்து நிமிஷம் ஆனால் வரிசையில் நிற்பவன் முகத்தைச் சுளிக்காமல் என்ன செய்வான்? முதலாளி நல்ல மனுஷன், அதனால் தேனொழுகச் சொல்லிவிட்டார்: "நாளையிலேருந்து குடோன்ல உட்காருங்க. எதுக்கு இந்தக் கஷ்டம்?" குடோனில் என்ன இருக்கிறது? அட்டைப்பெட்டியும் சுவரும். நாலு பேரோடு வாயடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவளுக்கு நூலகத்தில் வேலை. தேடுவதுதான் பிழைப்பு. பாகங்களின் பட்டியல் இருக்கும் தளத்தில் தேடல் கட்டத்தை எட்டுவதற்குள் மவுஸை ஏழு இடத்தில் அழுத்த வேண்டியிருப்பதைப் பார்த்தாள். உலாவியில் எக்ஸ்டென்ஷன் என்கிற சின்னத் துணை நிரல் ஒன்றைப் போட்டாள். இனி மேலே முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தும் ஸ்பேஸும் தட்டினால் போதும், நேராகப் பட்டியலுக்குள் தேடும். ஆனால் பாகத்தின் பெயர் ஒவ்வொன்றும் இருபது எழுத்து. தட்டத் தட்டக் கீழே பெயர்ப் பரிந்துரைகள் விழுந்தால்தான் விமோசனம். விழுந்தால்தானே! எத்தனை முறை தட்டினாலும் கீழே வெறும் வெள்ளை.

"விடும்மா. குடோன்லயும் ஃபேன் இருக்கு," என்றார் அவர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அவர் குரல் அப்படிச் சுருங்கியதில் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. எக்ஸ்டென்ஷனின் அமைப்புப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். முகவரி கேட்கும் கட்டங்கள் இரண்டு: தேடலுக்கு ஒன்று, பரிந்துரைக்கு ஒன்று. மகராசி இரண்டிலும் ஒரே முகவரியை ஒட்டி வைத்திருந்தாள். நாலு பெயர் கேட்ட இடத்தில் தேடல் முடிவுகளின் முழுப் பக்கத்தையும் கொண்டுபோய்க் கொட்டினால் அது என்ன செய்யும், பாவம்.

தளத்தின் சொந்தத் தேடல் கட்டத்துக்கே போனாள். பின்னணியில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று காட்டும் பலகத்தைத் திறந்துவைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் வேறொரு முகவரியிலிருந்து பெயர்கள் வந்துகொண்டிருந்தன. அந்த முகவரியைப் பிடித்து, தட்டிய எழுத்துகள் இருந்த இடத்தில், எதைத் தட்டினாலும் அதை ஏற்கும் %s குறியைப் போட்டு, இரண்டாவது கட்டத்தில் ஒட்டினாள். அந்த முகவரியைத் தொட எக்ஸ்டென்ஷன் அனுமதி கேட்டது, கொடுத்தாள்.

"இப்போ உட்காருங்க."

முதலாளி குடோன் சாவியோடு வரும்போது வரிசையில் எட்டுப் பேர். முதலில் நின்ற மெக்கானிக் நாலு இஞ்சு பம்புக்கு சீல் கேட்டான். ஒற்றை விரல் நாலு தட்டுத் தட்டியது. சீல் வகைகள் மொத்தமும் கீழே வந்து விழுந்தன. இரண்டு முறை கீழ் அம்பு, ஒரு என்டர்.

"மூணாவது ரேக்கு, மேல் தட்டு. ரெண்டா வாங்கிட்டுப் போ, உன் கைக்கு ஒண்ணு பத்தாது," என்றார். வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

முதலாளி சாவியை நீட்டியபடியே நின்றார். நாற்காலியில் இருந்தவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"அடுத்து யாருப்பா?"

விரல் விசைக்கு மேலே தயாராக நின்றது.