விடியற்கால நாடி

கடிகாரம் கட்டியிருந்த இடம் மட்டும் தங்கையின் மணிக்கட்டில் வெளுத்திருந்தது. அம்மா சொன்னபடி அவன் அந்தக் கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முழங்கையில் ஒட்டியிருந்த மண் லேசில் போகவில்லை.

வாசலில் அப்பாவின் குரல் உயர்ந்தது.

"வாங்க சார். இன்னும் எத்தனை சுத்து பாக்கின்னு சொல்லிட்டுப் போக வந்தீங்களா?"

கோச் வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பதினேழு வயசுப் புள்ளைய ஓட வச்சே கொன்னுட்டீங்களேய்யா!"

மாமா அப்பாவின் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துவந்தார். கோச் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். அவளுடைய இந்த வாரப் பயிற்சித் தாளில் ஏழு நாளுக்கும் அவர் எழுதிக் கொடுத்திருந்தது ஒரே சொல்: ஓய்வு.

பத்து நாளைக்கு முன் அவளுக்குக் காய்ச்சல் வந்துபோனது. தினமும் காலையில் எழும் முன்பே ஒரு நிமிட நாடியை எண்ணி அனுப்பச் சொன்னார் கோச். வழக்கமாக அவளுக்கு ஐம்பத்திரண்டு. அதற்கு மேல் பத்து கூடினால் ஓடக் கூடாது என்பது அவர் சட்டம். சரியான எண் போனால் ஓட விட்டுவிடுவார் என்று அண்ணனும் தங்கையும் நினைத்தார்கள். எண் சரியாகப் போயும், இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றார்.

"கோச் பேச்சக் கேட்டா எனக்குப் பேரப்புள்ளைங்க வந்துடும், பந்தயம் வராது," என்றாள் வாலு. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தானே ஒரு திட்டம் போட்டாள். "என் உடம்பு எனக்குத் தெரியாதாண்ணா? நீ சைக்கிள மட்டும் எடு."

நாடியை எண்ணியது அவன். எண்ணை மாற்றித் தன் போனிலிருந்து அனுப்பியதும் அவன்தான். நேற்று அவளுக்கு முன்னால் சைக்கிளில் வேகம் கொடுத்துக்கொண்டு போனான். ஏழாவது கிலோமீட்டரில் பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

காய்ச்சல் இதயத்தைத் தாக்கியிருக்கிறது என்றார் மருத்துவர்.

துணியைப் பிழிய அவன் பின்பக்கக் குழாயடிக்குப் போனான். கோச் சந்து வழியாக அங்கே வந்தார்.

"தம்பி, அவ சொல்லாம ஓடினது எனக்குப் புரியுது. ஆனா நாடி சரியாத்தானே இருந்துச்சு? அதே காய்ச்சல் வந்த இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்காங்க. நாடி இறங்கிடுச்சுன்னு நாளைக்கு ஓட வரச் சொல்லியிருந்தேன். இப்ப எத நம்புறதுன்னே தெரியல. நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்."

அவன் குழாயை மூடினான்.

"நேத்து எழுபத்தொண்ணு சார்."

"எத்தனை நாளா?"

"ஆறு நாளா."

கோச் தொப்பியின் விளிம்பில் விரலை ஓட்டினார். ஒரு முழுச் சுற்று வந்ததும் நிறுத்தினார்.

"அப்பாகிட்ட இன்னிக்குச் சொல்லாத. என்னைத் திட்டட்டும். யாரையாவது திட்டணும்ல."

ஆனால் அவன் சொன்னான். அப்பா சுவரோரம் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு மட்டும் கேட்கும்படி அருகில் குந்தினான்.

"அவரு ஓடச் சொல்லலப்பா. நாங்களாத்தான் ஓடினோம். நாடி ஏறியிருந்துச்சு. நான் மாத்திச் சொன்னேன்."

அப்பா அவனையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அப்பா கால்களை மடக்கிக்கொண்டார். அதற்குள் அமரர் ஊர்தி வந்துவிட்டது.

அவளைக் கிடத்திய பெட்டியைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள். முன்பக்க மூலையை அவன் பிடித்தான். அப்பா அவன் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் எடுத்துவிட்டார். பிறகு தெருப்பக்கம் திரும்பினார்.

"சார்... நீங்க வந்து பிடிங்க."

பெட்டி வாசலைத் தாண்டியது. அவன் வெறுங்கையோடு பின்னால் நடந்தான். படியில் யாருடைய செருப்போ குறுக்கே கிடந்தது. குனிந்து, அதை ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தான்.