அடிக்கு ஒரு நூல்

2006ஆம் ஆண்டு ஜனவரி 9, திங்கட்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். கொடைக்கானல் மலையில் இருக்கும் பூண்டியில் உறைபனி. பூண்டுப் பாத்திகளின் மேல் வெள்ளை படிந்திருந்தது, காற்று இல்லை, வானத்தில் ஒரு மேகமும் இல்லை. தன் முதலாளி சேனாதிபதி கட்டிக்கொண்டிருந்த விடுதிக் குடில்களில் முதலாவதின் வாசலில், சமமாக இருப்பதாக முதல் நாள் மாலையே உறுதிசெய்துகொண்ட ஒரு கல்லின்மீது மேனகா தான் வடிவமைத்த கருவியை வைத்தாள். வைத்த உடனே அதில் பிழை இருப்பதைக் கண்டாள்.

கருவி ஓரடி நீளம்; அலுமினியத்தால் ஆனது. கொத்தனாரும் தச்சரும் குழாய் வேலைக்காரரும் தனித்தனியாகச் சுமந்து திரியும் சாமான்களை ஒன்றாக்கிக் கைக்குள் அடக்குவது அதன் நோக்கம். ஒரு விளிம்பில் அங்குலமும் நூலும் குறிக்கப்பட்டிருந்தன; மறு விளிம்பில் மில்லிமீட்டர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள். மலையில் எந்தக் கொத்தனாரும் மில்லிமீட்டரில் யோசிப்பதில்லை. கருவியோடு மடிந்திருந்த கையை விரித்தால் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் கிடைக்கும். முனையிலிருந்த துளையில் தூக்குகுண்டைக் கட்டித் தொங்கவிடலாம். நடுவில் ரசமட்டம்: திரவமும் ஒரு காற்றுக் குமிழியும் அடைத்த சிறு கண்ணாடிக் குழாய்.

ரசமட்டத்தில்தான் புதுமை இருந்தது. குமிழி இரண்டு கறுப்புக் கோடுகளுக்கு நடுவே நின்றால் தளம் சமம். அவற்றுக்கு வெளியே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிவப்புக் கோடுகள். குமிழியின் முனை சிவப்பைத் தொட்டால் தளத்தில் அடிக்கு ஒரு நூல் வாட்டம், அதாவது சரிவு, இருக்கிறது. குளியலறைத் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். இந்தச் சிவப்புக் கோடுகள் மேனகாவின் சொந்த யோசனை.

பழனியில் சோதித்தபோது அவை சரியாக இருந்தன. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருந்த தொழிற்கூடத்தில் சோதித்தபோதும் சரியாகவே இருந்தன. இரண்டும் பகல் நேரச் சோதனைகள். இப்போது குளிரில் திரவம் சுருங்கிக் குமிழி நீண்டிருந்தது. சமமான கல்லின் மேலேயே அதன் இரு முனைகளும் கறுப்பைத் தாண்டிச் சிவப்பை நெருங்கி நின்றன. தளம் அரை நூல் சாய்ந்தால் போதும், குமிழி சிவப்பைத் தொட்டு முழு வாட்டம் என்று பொய் சொல்லும்.

கொத்தனார் ஞானவேல் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு அருகில் வந்து குனிந்தார்.

"என்னங்க மேடம், நேத்துச் சாயங்காலம் கோட்டுக்குள்ள ஒழுங்காத்தான நின்னுச்சு. ராத்திரியில இதுக்கும் குளிர் புடிச்சிருச்சா?"

"குளிர்தான் காரணம்."

"அப்ப ஒரு மப்ளர் வாங்கிச் சுத்திவிடுங்க."

"வெயில் ஏறினா தானா சரியாயிரும். ஆனா இது சரியில்ல."

"சரியாயிரும்ங்கிறீங்க, சரியில்லங்கிறீங்க. ஒரு செம்புத் தண்ணிய ஊத்துனா எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரிஞ்சு போகுது. இதுக்குப் போயி இத்தனை சோலியா?" என்று சொல்லிவிட்டு அவர் நெருப்பு மூட்டப் போய்விட்டார்.

மேனகா அன்றே தொழிற்கூடத்துக்குத் திரும்பி, திருத்தத்தை வரையத் தொடங்கினாள். குமிழி எவ்வளவு நீண்டாலும் சுருங்கினாலும் அதன் நடு மாறுவதில்லை. ஆகவே முனையைப் பார்த்து வாட்டத்தை அளக்கக் கூடாது. நடுவைப் பார்த்தே அளக்க வேண்டும். கருவியின் ஒரு முனைக்கு அடியில் ஒரு திருகு. இரண்டு சுற்றுச் சுற்றினால் அது ஒரு நூல் வெளியே வரும். திருகு இருக்கும் முனையைத் தண்ணீர் போகும் பக்கமாக வைத்துக் குமிழியை நடுவே நிறுத்தினால் அடிக்கு ஒரு நூல் வாட்டம் கிடைக்கும்; உறைபனியானாலும் சித்திரை வெயிலானாலும் அளவு மாறாது. சிவப்புக் கோடுகளை முற்றாக நீக்கிவிட வேண்டும். தன் யோசனையைத் தானே நீக்குவதில் அவளுக்குத் தயக்கம் இல்லை. அந்தப் பிழையை ஒருவரும் ஒப்புக்கொள்ளாததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

தொழிற்கூடத்தின் உரிமையாளர் சேனாதிபதி. பழனி அடிவாரத்தில் அவருக்கு இரண்டு இரும்புக் கடைகள் இருந்தன. கோயம்புத்தூரில் கருவிக்கான அச்சு வெட்டுவதற்கு முன் வரைபடத்தில் இரண்டு கையெழுத்துகள் வேண்டும். ஒன்று அவருடைய ஒப்புதல். மற்றது, சோதித்துச் சரியெனக் கண்டதாக வடிவமைத்தவர் தரும் உறுதி. புதிய வரைபடத்தை மேனகா பழனிக்கு அனுப்பினாள். அது மூலையில் 'பார்த்தேன்' என்ற ஒற்றைச் சொல்லோடும் சுருக்கொப்பத்தோடும் திரும்பி வந்தது. விளக்கக் குறிப்போடு மறுபடி அனுப்பினாள். குறிப்பிலும் 'பார்த்தேன்' என்று எழுதியிருந்தார். ஒப்புக்கொண்டாரா, மறுத்தாரா என்பதை அச்சொல்லிலிருந்து எவராலும் அறிய முடியாது. அவர் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

"அந்தப் பழைய படத்துலேயே கையெழுத்தப் போட்டுட்டுச் சோறு திங்கப் போ புள்ள," என்றாள் கணக்கு எழுதும் சண்முகவள்ளி. பழனிக்காரி, தொழிற்கூடம் தொடங்கிய நாள் முதல் இருப்பவள். "மாசிக்குள்ள நீ போடலன்னா கடைப் பையன் ராஜமுருகன வெச்சுப் போட்டுக்கிறேன்னு சொல்லிட்டாரு. அவனுக்குப் பேனா புடிக்கத் தெரியும், அது போதுமாம்."

"தண்ணி தேங்கினா யாரும் கருவியைத் திட்ட மாட்டாங்க அக்கா. கொத்தனாரைத்தான் திட்டுவாங்க. டைல்ஸைப் பேர்த்துத் திரும்பப் போடுன்னு அவர் தலையிலதான் கட்டுவாங்க."

"அவனுக்காக உன் வேலைய விட்டுருவியாக்கும்?"

"சும்மா கதைக்காதீங்க அக்கா."

"பாரு, கோவம் வந்தா உனக்கு எஸ்டேட்டு வந்துருது," என்று சண்முகவள்ளி சிரித்தாள். மேனகாவின் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இந்த மலையில் குடியேறியவர்கள். பாலிடெக்னிக் படிப்பும் பத்தாண்டு வேலையும் அவள் பேச்சிலிருந்து பலவற்றை நீக்கிவிட்டன, கோபத்தை நீக்கவில்லை.

ஜனவரி மூன்றாவது வாரத்தில் தொழிற்கூடத்தில் கூட்டம் நடந்தது. அதற்காக ஒரு கருவியை முதல் நாளே எதிரிலிருந்த பேக்கரியின் ஐஸ்கிரீம் பெட்டியில் மேனகா வைத்திருந்தாள். பத்து மணிக்கு வர வேண்டிய சேனாதிபதி பன்னிரண்டரைக்கு வந்தார். வரும்போதே ஒரு யோசனையோடு வந்தார்.

"ஏம்மா, இதுல ஒரு டார்ச் லைட்டு வைக்க முடியாதா?"

"எடை கூடும் சார். ரசமட்டத்துக்கும் இடம் பத்தாது."

"சரி, லைட்ட விடு. சோடா பாட்டில் தொறக்க ஒரு வளைவு? வேல முடிஞ்சா மனுசனுக்குத் தாகம் எடுக்குமில்ல. அப்புறம் மனையடி சாஸ்திரம். எந்த அடி நல்லது, எந்த அடி ஆகாதுன்னு மேல போட்டுட்டா பொம்பளைகளே வாங்குவாக."

"ஓரடிக் கருவியில எத்தனை அடியைக் குறிக்கிறது சார்?"

அவர் இதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. மேனகா பேக்கரிக்கு ஓடி, துணியில் சுற்றிய கருவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். குமிழி சிவப்பை ஒட்டி நின்றது.

"மேசை சமமா இருக்கு. இது சாய்ஞ்சிருக்குன்னு சொல்லுது, பாருங்க."

சேனாதிபதி அதைத் தொட்டுவிட்டு விரலை உதறிக்கொண்டார். "எந்தக் கொத்தனாரும்மா ஐஸ் பெட்டிக்குள்ள உக்காந்து பாத்ரூம் கட்டுறான்?"

அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். சண்முகவள்ளியும் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"பூண்டியில காலையில இப்படித்தான் சார் இருக்கு."

"காலையில எவன் வேலைக்கு வர்றான்? ஒம்பது மணிக்கு முன்னாடி ஒருத்தனையும் பாக்க முடியல." அவர் பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். அதில் கருவியின் படமும் பெரிய எழுத்தில் ஒரு வரியும் இருந்தன: 'இனி தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டாம்!' "அஞ்சாயிரம் பெட்டி அச்சடிச்சாச்சு. சிவப்புக் கோடு படத்துல தெரியுது பாரு. இப்பப் போயி கோட்ட எடு, திருகு வையின்னா?"

மேசையின் மேல் குமிழி மெல்லச் சுருங்கிக் கறுப்புக் கோடுகளுக்குள் வந்து நின்றது. சேனாதிபதி அதைச் சுட்டிக்காட்டினார். "இந்தா, சரியாயிருச்சுல்ல." வரைபடத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

தையின் கடைசி வெள்ளிக்கிழமை முதல் குடிலுக்குப் பால் காய்ச்சுவதென்று முடிவாயிற்று. நாள் குறைவாக இருந்தது. கருவியை மட்டும் வைத்துக் குளியலறையை முடிக்க வேண்டும் என்று சேனாதிபதி உத்தரவிட்டார். விளம்பரத்துக்குப் புகைப்படம் எடுக்க வேண்டும். செய்தியறிந்த மேனகா ஞானவேலைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"மத்தியானத்துல மட்டும் அதை வெச்சுப் பாருங்க. டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு செம்புத் தண்ணி ஊத்திப் பார்த்துருங்க."

"அது நடக்காதுங்க மேடம். தண்ணி ஊத்தக் கூடாதுன்னு ஐயா ஆள் போட்டு வெச்சிருக்காரு. போட்டோக்காரன் வேற குளிருல நடுங்கிக்கிட்டுக் கெடக்கான். எங்கள வெள்ளனே ஆறரைக்கே எறங்கச் சொல்லிட்டாரு. வெரசா முடிக்கணுமாம்."

"ஆறரைக்கா?"

"ஆமா. உங்க கருவி சிவப்பத் தொடுது. நானும் போட்டுக்கிட்டே போறேன்."

அவள் சேனாதிபதியின் கடைக்கு அழைத்தாள். அவர் வெளியே போயிருந்தார். மறுபடி அழைத்தாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொலைநகலில் எச்சரிக்கை அனுப்பினாள். அது என்னவாகித் திரும்பி வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவ்வாறே வந்தது.

பால் காய்ச்சிய அன்று வெயில் நன்றாக ஏறியிருந்தது. மேனகா துணிப்பையில் இரண்டு கருவிகளோடு பூண்டிக்குப் போனாள்: சிவப்புக் கோடு போட்டது ஒன்று, தொழிற்கூடத்தில் தானே திருகு பொருத்தியது ஒன்று. வரைபடத்தையும் எடுத்துக்கொண்டாள். குடிலுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. சேனாதிபதியின் சம்பந்தி குளியலறையில் கால் கழுவப் போய், பட்டு வேட்டியின் கரை முழுவதும் நனைந்து வெளியே வந்திருந்தார். உள்ளே தண்ணீர் எந்தப் பக்கமும் போக மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

"இதாய்யா நீ வேல பாத்த லட்சணம்?" சேனாதிபதி குளியலறை நிலைவாசலில் நின்று ஞானவேலை ஏசிக்கொண்டிருந்தார். "டைல்ஸ் அம்புட்டையும் பேத்துட்டு உன் காசுல போட்டுக் குடுத்துட்டுத்தான் நீ மலையில வேற வேல பாக்கணும்."

"நீங்க குடுத்த கருவியிலதான ஐயா பாத்தேன். தண்ணி ஊத்தாதன்னு நீங்கதான சொன்னீக."

"கருவி சரியாத்தான் இருக்கு. உன் கண்ணுலதான் கோளாறு."

மேனகா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். பழைய கருவியைத் தளத்தில் வைத்தாள். குமிழி கறுப்புக்குச் சற்று வெளியே நகர்ந்து, சிவப்புக்கு வெகு முன்னதாகவே நின்றுவிட்டது.

"சார், இப்ப இந்தக் கருவியே வாட்டம் பத்தலன்னு சொல்லுது. அன்னைக்குப் பத்தும்னு சொல்லுச்சு. தளம் மாறல, கருவியும் மாறல. எத்தனை மணிக்கு ஒட்டினாங்கன்னு மட்டும் கேளுங்க."

"ஆறரைக்குங்க," என்றார் ஞானவேல். "ஐயா சொன்ன நேரம்."

திருகு வைத்த கருவியை அவள் பக்கத்தில் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினாள். குமிழி நடுவுக்கு வரவில்லை. ஒரு சுற்றைக் குறைத்தாள்; நடுவில் நின்றது. "அரை நூல். பாதி வாட்டம்தான் இருக்கு. ஜனவரியிலேயே எழுதிக் குடுத்தேன், பாதிதான் வரும்னு."

சம்பந்தி வேட்டிக் கரையைப் பிழிவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "ஏன் சம்பந்தி, இந்தக் கருவியையா பெட்டியில போட்டு ஊரு ஊரா விக்கப் போறீக? எங்க ஊருக்கு அனுப்பிராதீக."

சேனாதிபதி கையை நீட்டினார். மேனகா வரைபடத்தையும் பேனாவையும் கொடுத்தாள். அவர் அதைச் சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டு 'பார்' என்று எழுதத் தொடங்கினார்.

"அது வேண்டாம் சார்."

"என்னது?"

"பார்த்தேன்னு நாலு தடவை எழுதியிருக்கீங்க. நீங்க பார்த்தது எனக்குத் தெரியும்."

ஞானவேல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சேனாதிபதி எழுதியதை அடித்தார். மெதுவாக, பேனா சுவரில் எழுதாமல் நின்றபோதெல்லாம் உதறி உதறி, எழுதினார். எழுதியதை உரக்கவும் படித்தார்: "ஒப்புதல். கோடுகளை நீக்கித் திருகு வைக்கவும். பாட்டில் தொறப்பான் இருக்கட்டும்."

"சார், தொறப்பானோட வளைவு மூலைமட்டத்தோட—"

"இருக்கட்டும்னு சொன்னேன்."

மேனகா கருவியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அந்த வளைவை எங்கே ஒதுக்குவது என்று மனத்துக்குள் தேடினாள். நல்ல இடம் ஒன்றும் இல்லை. பிறகு சொன்னாள்: "இன்னும் ஒரு வரி வேணும். தளத்தை மாத்துற செலவு தொழிற்கூடத்தோடதுன்னு."

"இது கருவிப் படம்மா. இதுல டைல்ஸு கணக்கு எதுக்கு?"

"கருவியாலதான் தளம் போச்சு. அந்த வரி இல்லாம என் கையெழுத்து வராது."

சேனாதிபதி சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி தன் வேட்டியைப் பார்த்தார். சேனாதிபதி அந்த வரியையும் எழுதி, கீழே முழுப் பெயரையும் தேதியையும் போட்டுக் கையெழுத்திட்டார். நிலைவாசலைவிட்டு இறங்காமல், கால் நனையாத தூரத்தில் நின்றபடியே தாளை நீட்டினார். அது எட்டவில்லை. மேனகா தேங்கிய தண்ணீரில் நடந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள்.