பிந்தி இறங்கிய பந்துகள்

கனடாவில் மில்லிக்கன் பக்கம் இருக்கும் ரஜிதன் உதைத்த பந்து எதுவும் இரண்டு மணித்தியாலத்துக்கு முன் தரைக்கு வந்ததில்லை. பிறம்ரன் நகரக் கிடங்கொன்றில் கூட வேலை செய்த ஒருவர் அவனை அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்துக்கு இழுத்துப்போன முதல் நாளே இது தெரிந்துவிட்டது. முட்டை வடிவப் பந்தை நான்கு கம்பங்களில் நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி. ரஜிதனின் பந்து மேலே போய் மறையும், நடுவர் வேறு பந்து எடுத்துக் கொடுப்பார், ஆட்டம் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துபோகும். பதினொரு வருடம் ஆடியும் அவன் பெயருக்கு நேரே பூச்சியம்தான். எம்பிப் பந்து பிடிப்பதில் சூரன் என்பதால் கழகம் அவனை விடவில்லை.

இது மனைவி யோகமலருக்குத் தெரியாது. ஸ்காபரோவில் விழாக்களுக்குப் போகிற கணக்கில்தான் அவள் மைதானத்துக்கும் வருவாள், அதாவது இரண்டு மணித்தியாலம் பிந்தி. பந்து பொறுக்க ரஜிதன் மட்டும் நிற்பான். அவள் பொரித்த ரோல்ஸ் பலகாரப் பெட்டியோடு வந்து குந்த, பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நடுக் கம்பங்களுக்குள் விழும், ஒன்றுகூடப் பிசகாது. மற்றவர்கள் எங்கே என்றால், களைத்துப் போய்விட்டார்கள் என்பான். இப்படியொரு ஆட்டக்காரன் உலகத்திலேயே இல்லை என்று அவள் சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள். அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு கோலாவது எல்லோரும் பார்க்க விழவேண்டும் என்று ஏங்கினான்.

முழங்கால் போனதும் பயிற்றுநரானான். நாலாம் வருடம் கழகம் முதன்முறையாக இறுதியாட்டத்துக்கு வந்தது. அன்றைக்கு ஓர் ஆள் குறைய, அவனே இறங்கினான். ஐந்தாம் நிமிடம் ஒரேயொரு உதை, அதோடு முழங்கால் மடங்கி வெளியே வந்தான். இடைவேளையில் நொண்டிக்கொண்டே போய், பிரதம விருந்தினராக வந்திருந்த ஊர்ச்சங்கத் தலைவர் மகேஸ்வரனிடம் ஒலிவாங்கியை நீட்டினான்.

"அண்ணை, சும்மா ரெண்டு வார்த்தை பேசுங்கோ."

மகேஸ்வரன் சங்கத்தின் தோற்றத்திலிருந்து தொடங்கி முக்கால் மணித்தியாலம் பேசினார். மரியாதைக்காக நடுவர் பொறுத்துக்கொண்டார்.

கடைசி நிமிடத்தில் கழகம் ஐந்து புள்ளி பின்னால் நின்றது. யோகமலர் காரை நிறுத்திவிட்டு வரவும், வானத்திலிருந்து பந்து நடுக் கம்பங்களுக்குள் விழவும் சரியாக இருந்தது. நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பந்து எத்தனை மணிக்குக் கீழே வரவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஆறு புள்ளி கொடுத்தார். ஆட்டம் முடிந்தது. சனம் ரஜிதனைத் தோளில் தூக்கியது.

"இண்டைக்கு மட்டும் ஏன் உவ்வளவு சத்தம்?" என்று யோகமலர் பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள். "இவர் விளையாடின காலத்திலை ஒவ்வொரு கிழமையும் உப்பிடித்தானே அடிச்சவர்."

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ரஜிதன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ரோல்ஸ் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அது நேரத்துக்கு வாற ஆக்களின்ரை பிழை."

அடுத்த கிழமை கழகச் செயலாளர் அவளிடம் அவள் கண்ட கோல்களின் எண்ணிக்கை கேட்டு வந்தார். அவள் சொன்னாள். அவர் பழைய பூச்சியத்தை வெட்டிவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டு போனார்.