ஜேர்மனித் தண்ணீர்

அன்னமுத்து காலை ஏழு மணிக்கே குடத்தோடு வந்து நின்றவள் என்று அன்னபூரணத்துக்குத் தெரியும். இப்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அன்னபூரணத்தின் வீட்டுக் கிணற்றுக்கட்டில் வாளி இருந்தது, கயிறு இருந்தது. மடத்துவெளி ஊரிலேயே இப்படி நல்ல தண்ணீர் உள்ள கிணறு வேறில்லை. ஆனால் அன்னமுத்துவின் சாதியார் வாளியைத் தொடக்கூடாது. வீட்டுக்காரர் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை வேலிக்கரையில் நிற்க வேண்டியதுதான்.

அன்னபூரணத்துக்கு இன்றைக்கென்று பார்த்து ஜேர்மனியிலிருந்து புருசன் தியாகலிங்கம் பேசிப் பதிந்த கசற் வந்திருந்தது. கடிதமென்றால் தனியே வாசிக்கலாம். கசற் வந்தால் அயலைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். கூப்பிடாவிட்டால் பிறகு வருசக்கணக்கில் முகம் கொடுக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுச் சறோஜினிதேவி அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் விறாந்தையில் பாய் போட்டு இருந்தார்கள்.

“நாச்சியார், என்ரை மகள் இராசாத்தி விடியத் தொடங்கிச் சத்தியும் வயித்தோட்டமுமாக் கிடக்கிறாள். ஒரு குடம் ஊத்தி விடுங்கோவன்.”

“பொறு அன்னமுத்து, இந்தா வாறன். நீயும் கேள் ஐயான்ரை கதையை. அங்கை ஒரு குழாயைத் திறந்தாப் பச்சைத்தண்ணி, மற்றதைத் திறந்தாச் சுடுதண்ணி. உன்னை மாதிரி ஒருத்தரும் குடத்தோடை நிக்கிறேல்லை!”

எல்லோரும் சிரித்தார்கள். கிணற்றடிக்கும் கேட்கட்டும் என்று அன்னபூரணம் றெக்கோடரில் கசற்றைப் போட்டுச் சத்தத்தை முழுக்கத் திருப்பிவிட்டாள்.

தியாகலிங்கம் முதலில் எல்லாருடைய சுகமும் விசாரித்தான். பனி கொட்டுவதைச் சொன்னான், சொன்ன நிமிசத்துக்கு வரும் ரயிலைச் சொன்னான். றோட்டில் ஒரு குப்பை கிடையாதாம்.

“சொர்க்கமெல்லோ!” என்றாள் சறோஜினிதேவி. அன்னபூரணத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பிறகு குரல் தணிந்தது.

“இஞ்சரும், இது உமக்கு மட்டும். கந்தோரிலை கிளாக்கர் வேலையெண்டு எழுதினது பொய். ஒரு சாப்பாட்டுக்கடையிலை கக்கூஸ் கழுவுறன். அந்தக் கையாலை குசினிக் குழாயைத் தொடக்கூடாதாம். பின்கதவடியிலை எனக்கெண்டு ஒரு தகரப்பேணி வைச்சிருக்கினம். தாகமெண்டா அதோடை வாசல்லை நிப்பன். ஆராவது வந்து ஊத்துவினம். சிலநேரம் ஒருத்தரும் வராயினம்...”

அன்னபூரணம் பாய்ந்துபோய் நிறுத்தினாள். பிந்திவிட்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை. நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு. இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது? அவர்களைப் பார்க்கப் பயந்தே படியிறங்கிக் கிணற்றடிக்குப் போனாள்.

அன்னமுத்து குடத்தைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றாள்.

“ஐயா பாவம், நாச்சியார்.”

அதில் கேலி இருந்திருந்தால் நல்லாக ஏசியிருக்கலாம். இருக்கவில்லை. தன்னைவிடப் பத்து வயது மூத்தவள், ஐந்து மணித்தியாலம் வெயிலில் நின்றவள், உண்மையாகவே இரங்கினாள். ‘இனி நீயே அள்ளிக்கொண்டு போ’ என்ற சொல் அன்னபூரணத்தின் தொண்டைவரை வந்தது. திரும்பிப் பார்த்தாள். விறாந்தை விளிம்பில் சறோஜினிதேவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சொல் உள்ளே போய்விட்டது.

வழக்கம்போல வாளி குடத்தில் படாமல் உயரத்தில் பிடித்துத்தான் ஊற்றினாள். கண் விறாந்தைப் பக்கமே போனது. பாதிக் குடம் நிறைந்தபோது வாளி சரிந்து குடத்தில் ‘ணங்’ என்று இடித்தது.

“எடி அன்னபூரணம், வாளி பட்டுப்போச்செல்லே!” விறாந்தையிலிருந்து சத்தம் வந்தது.

“ஓமக்கா. கழுவுறன்.”

அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு வாளி அள்ளி, விளிம்பைத் தேய்த்துக் கழுவி வாய்க்காலில் கொட்டினாள். இரண்டாவது வாளியையும் கொட்டினாள். மூன்றாவதற்குக் கயிற்றை இறக்கினாள். அன்னமுத்து அரைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பழையபடி வேலிக்கரைக்குப் போய், நல்ல தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போவதைப் பார்த்தபடி நின்றாள்.