முழுத் திருப்தி அடைந்த கணவர்

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டு, எதன் மேல் கை வைக்கச் சொன்னாலும் வைத்துச் சொல்லலாம். அவ்வளவு சுத்தமான உண்மை.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி, தெருவுக்கே தையலக்கா, இடது கையால் பரிமாறிக்கொண்டிருந்தாள். வலது ஆள்காட்டி விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. முந்தின நாள் அதை அவன் பின்பக்கமாக மடக்கிப் பார்த்திருந்தான். தட்டுக்குப் பக்கத்தில் போன் சிணுங்கியது. எடுத்தவன் மெல்லுவதை நிறுத்திவிட்டு, நிதானமாக, சத்தமாகவே படித்தான்.

"வணக்கம். உங்கள் கணவர் மீது இன்று காலை நீங்கள் கொடுத்த புகாரை நாங்கள் கையாண்ட விதம் உங்களுக்குத் திருப்தியா? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது.

போலீஸ்காரர்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று ஜனங்கள் வெகுகாலமாகப் புலம்பி வந்தார்கள். கேட்க வைப்பது சிரமம் என்பதால், கேட்டார்களா என்று விசாரிக்க மேலிடம் ஒரு கருவியை வாங்கி வைத்தது. புகார் கொடுக்க வருகிறவரின் நம்பரை அதில் தட்ட வேண்டும். சற்று நேரத்தில் அந்த நம்பருக்குக் கேள்வி போகும். நட்சத்திரம் வந்துவிட்டால் புகார் முடிந்தது.

அன்று காலை ஸ்டேஷனில் இருந்த ஏட்டு பொல்லாதவர் இல்லை. விரலைப் பார்த்து உச்சுக்கூடக் கொட்டினார். "வீட்டு விவகாரத்துக்கெல்லாம் பேப்பரை வீணாக்கலாமாம்மா? ஒரு விரல்தானே, மிச்சம் ஒம்பது இருக்குல்ல" என்று ஆறுதல் சொன்னார். புகாரை எழுதத்தான் இல்லை. நம்பரை மட்டும் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். அவள் தனக்குத் தெரிந்த ஒரே நம்பரைச் சொன்னாள். அது வீட்டிலிருந்த ஒரே போன். பொம்பளைக்குத் தனியாக எதற்குப் போன், யாரைக் கூப்பிடப் போகிறாள் என்பது அந்தத் தெரு ஆண்கள் எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட ஒரே விஷயம்.

"உனக்குத் திருப்தியான்னு கேக்குறாங்க" என்றான் எலக்ட்ரீஷியன். "நீ கொழம்ப ஊத்து. நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஐந்தையும் அமுக்கினான். கருத்து எழுத இடம் இருந்ததால், 'தங்கமான ஏட்டு' என்றும் எழுதினான். 'உங்கள் பாராட்டுக்கு நன்றி, சகோதரி' என்று உடனே பதில் வந்தது. அன்று அவன் அடிக்கவில்லை. இவ்வளவு எழுதிய களைப்பு.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. புகார் காகிதத்தில் ஏற வேண்டும். வீடு அவள் அம்மா விட்டுப்போனது; காகிதம் கையில் இருந்தால் அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தலாம். இல்லாவிட்டால் அடுத்த விரல். அதனால் மறுபடியும் போனாள், அதற்கு மறுமாதமும் போனாள். மூன்று தடவையும் எலக்ட்ரீஷியனுக்கு முழுத் திருப்தி.

அவனுக்கு மட்டுமில்லை. அந்த வட்டாரத்தில் அடி வாங்கிய பெண்கள் எல்லோரும் அவரவர் வீட்டு நம்பரைத்தான் கொடுத்தார்கள். மனைவிமார் புகார்களில் நூற்றுக்கு நூறு திருப்தி என்று அந்த ஸ்டேஷனுக்கு முதல் பரிசு கிடைத்தது. இன்ஸ்பெக்டர் விழா மேடையில் கேடயத்தை வாங்கிக்கொண்டு, "நம்ம ஸ்டேஷனுக்கு ஒரு தடவை வந்த தாய்மாருங்க திரும்பத் திரும்ப வர்றாங்க. இதுக்குப் பேருதான் நம்பிக்கை" என்று தழுதழுத்தார். கீழே உட்கார்ந்திருந்த கணவன்மார் கை சிவக்கத் தட்டினார்கள். எப்படியும் பழகிய கைகள்.

மறுநாள் நாத்தனார் வந்தாள். எலக்ட்ரீஷியனின் கூடப் பிறந்த தங்கை. அடுத்த தெருவில் வாக்கப்பட்டு, அவளும் இரண்டு தடவை ஸ்டேஷன் போய் வந்தவள். ரவிக்கைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் கதவைச் சாத்தினாள்.

"அடி வாங்குறது நீங்க, ஸ்டார் போடுறது எங்கண்ணனா அண்ணி? எங்க வீட்டுக்காரரும் அஞ்சுதான் போட்டாரு. நமக்கு ஒண்ணு வாங்கித் தரணும்னா ஆயிரம் யோசனை, இதுல மட்டும் ரெண்டு பேருக்கும் எவ்வளவு தாராளம் பாருங்க."

வேலை செய்கிற பேக்கிங் கம்பெனியில் ஒளித்து வைத்திருந்த பழைய போனை அளவு நாடாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

நாலாவது தடவை ஸ்டேஷனில் தையலக்கா புது நம்பரைச் சொன்னதும் ஏட்டின் கை கருவிமேல் தயங்கியது.

"பழைய நம்பருக்கு என்னம்மா? நல்லாத்தானே பதில் சொல்லிட்டிருந்துச்சு."

"அது அவரோட திருப்தி சார். இது என்னோடது."

வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். கேள்வி வந்தது. இந்தத் தடவை வீங்கியிருந்த விரலாலேயே ஒற்றை நட்சத்திரத்தை அமுக்கினாள்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது. பன்னிரண்டாவது நிமிடம் கமிஷனர் வண்டியே வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியைத் தானே தூக்கி வந்து அவளுக்குப் போட்டார். ஏட்டு புகாரை நாலு பக்கம் எழுதி, படித்துக் காட்டி, நகலை இரண்டு கையாலும் கொடுத்தார். எலக்ட்ரீஷியன் சாயங்காலத்துக்குள் பெட்டியோடு வாசலுக்கு வெளியே நின்றான். மறுநாள் கேடயம் திரும்பிப் போனது. அதற்கு அடுத்த நாள் நாத்தனாரில் தொடங்கி அந்த வட்டாரத்துப் பெண்கள் ஸ்டேஷன் வாசலில் வரிசையாக, ஆளுக்கொரு போனோடு நின்றார்கள்.

அந்தக் கருவியில் ஒற்றை நட்சத்திரமே கிடையாது; மூன்றிலிருந்துதான் தொடங்குகின்றன.